சில்லுக்கும் குளிருமோ?

கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் என்பது மார்கழி மாதத்து விடியற்காலையில் போர்வையை இன்னொரு முறை இழுத்து மூடிக்கொள்வதோடு முடிந்துவிடும். திருவெம்பாவை நாள்களிற்கூட இங்கே வெப்பமானி 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அருமை. காங்கேசன்துறை வீதியில் ஓடும் வண்டிகளின் ரயர்கள் வெயிலில் வெடிக்கும். ஒழுங்கையின் கூர்ங்கல்லிற் கிழியும். முள் குத்திக் காற்று இறங்கும். தேய்ந்து தேய்ந்து நூல் தெரியும். குளிரினால் ஒரு ரயர் பயனற்றுப்போகும் என்று யாரேனும் கூறினால் கேட்பவர் நகைப்பர்.

ஆயினும், 1983ஆம் ஆண்டிற்குப் பின் நம்மவர் குடியேறிய நாடுகளை எண்ணிப் பாருங்கள். கனடா, நோர்வே, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து: எல்லாம் வெண்பனி பொழியும் நாடுகள். நம் ஊரில் அங்கே ஒரு பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீடு குறைவு. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை பெய்யும் நாள்களில் அங்கிருந்து வரும் பேச்சில் ஒரு சொற்றொடர் தவறாது கேட்கும்: "வின்ரர் ரயர் மாற்ற வேணும்." குளிர்கால ரயர் என்பது அதன் பொருள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம் ரொறன்ரோ நகரில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது, இந்த மாற்றம் ஒரு காருக்கு நிகழ்வதை அருகிருந்து கண்டேன். பௌதிகம் படிப்பித்த பழக்கத்தால், கண்டதன் காரணத்தை ஆராயாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆராய்ச்சியே இக்கட்டுரை.

அந்தக் கார் என் மருமகனுடையது. இரு கதவுகள் மாத்திரம் உள்ள, நிலத்தோடு படிந்து கிடக்கும் ஸ்போட்ஸ் கார். எஞ்சின் சுழற்றுவது பின் சில்லுகளை. அவன் முதன்முதற் சம்பாதித்த பணத்தில் வாங்கியது என்பதால் அதன்மேல் அவனுக்கிருந்த பற்று அதிகம். அந்தப் பற்றில் முக்காற்பங்கு சில்லுகளின்மேல் என்று கூறினும் தவறாகாது. 20 அங்குல விட்டமுள்ள அலுமினியக் கலப்புலோகச் சில்லுகள் அவை. வெள்ளிபோல் மினுங்கும் மெல்லிய ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி, சட்டைக்குக் கரை வைத்தாற்போல ஒரு சிறு கறுப்பு விளிம்பாக ரயர்.

பெரிய சில்லு வெறும் அழகுக்காக மட்டும் வந்ததன்று. வேகமாக ஓடும் காருக்குப் பெரிய பிறேக் தட்டு வேண்டும். அத்தட்டு சில்லுக்குள்ளே அடங்க வேண்டுமாயின் சில்லும் பெரிதாக வேண்டும். ரயரின் பக்கச் சுவர் குட்டையாக இருந்தால் வளைவுகளில் அது நெளியாது. சாரதி திருப்பியவுடன் கார் திரும்பும். அலுமினியக் கலப்புலோகம் உருக்கிலும் இலேசானது. தட்டும் ஆரக்காலுமாக விரும்பிய வடிவில் வார்க்கவும் இசைவது. இவையெல்லாம் உண்மையான நன்மைகளே. ஆனால் இந்த நன்மைகள் அனைத்தும் கோடைகால வீதியை எண்ணிச் செய்யப்பட்டவை.

இனி றப்பரின் கதையைச் சற்றே பார்ப்போம். ஏனெனில் அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. றப்பர் மரத்தின் தாயகம் அமேசன் காடு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அங்கே முளைத்தவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களின் வரலாற்றில் அத்தோட்டத்திற்குத் தனி இடமுண்டு.

ஆனால் மரப்பாலிலிருந்து கிடைக்கும் றப்பர் இயல்பில் நிலையற்ற பொருள். 1830களில் அமெரிக்காவில் அதனாற் சப்பாத்துச் செய்து விற்றார்கள். கோடையில் அவை உருகிப் பிசுபிசுத்தன, மாரியில் விறைத்துக் கட்டையாயின. 1839இல் சாள்ஸ் குட்இயர், றப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டார். வல்கனைசுப்படுத்தல் என்று நம் மாணவர் படிப்பது இதனையே. நூலிழைகள்போல் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் இடையிடையே முடிச்சிட்டுக் கட்டுகிறது. ஆகவே இழுத்தால் நீளும் றப்பர், விட்டால் பழைய உருவுக்கு மீள்கிறது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்தார். இந்த இரண்டும் சேர்ந்தே மோட்டார் உலகம் உருண்டது.

குட்இயர் பெரும்பகுதி வென்றாரேயன்றிக் குளிரை முற்றாக வெல்லவில்லை. எந்த றப்பர்க் கலவையும் குளிரக் குளிர இறுகும். போதிய அளவு குளிர்ந்தால் கண்ணாடிபோல் ஆகிவிடும். அந்த எல்லை கலவைக்குக் கலவை வேறுபடும். கோடைகால ரயரின் கலவை, சூடான தார்வீதியில் குழைந்துபோகாமல் நின்று பிடிக்குமாறு ஆக்கப்பட்டது. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே அது தன் இளக்கத்தை இழக்கத் தொடங்கும் என்பது அத்தொழிலில் உள்ளோர் கொள்ளும் பொதுக் கணக்கு. கடுங்குளிரில் ஓடினால் றப்பரில் வெடிப்புக்கூட விழலாம் என்று இத்தகைய ரயர்களைச் செய்வோரே எச்சரிப்பதுண்டு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: வெண்பனி பெய்தாற்றான் ஆபத்து என்பதன்று. காய்ந்த வீதியிலும், வானம் தெளிந்திருக்கும் காலையிலும், குளிர் ஒன்றே போதும்.

குளிர்கால ரயர் இதற்கு மறுமொழி. பின்லாந்து நாட்டில் 1934இல் பாரவண்டிகளுக்கென முதன்முதல் இதனைச் செய்தனர். இக்காலத்துக் குளிர்கால ரயரில் இயற்கை றப்பர் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. அது மிகுந்த குளிரிலும் இளக்கம் மாறாதது. மணலின் இனத்தைச் சேர்ந்த சிலிக்காவும் நுண்பொடியாகக் கலக்கப்படுகிறது. ரயரின் முகத்தில் ஆழ்ந்த வாய்க்கால்கள். ஒவ்வொரு கட்டியிலும் கத்தியாற் கீறியதுபோன்ற எண்ணற்ற சிறு பிளவுகள். சில்லு உருளும்போது அப்பிளவுகள் விரிந்து பனியைக் கவ்வுகின்றன. வாய்க்காலில் நிறையும் பனியும் வீணன்று. பனியைப் பனி பற்றும் என்பது பந்து பிடித்து விளையாடும் அந்நாட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். உண்மையான குளிர்கால ரயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் அச்சிடப்பட்டிருக்கும். ஜேர்மனியில் 2010 முதல் குளிர்கால நிலைமை உள்ள வீதியில் இதற்கேற்ற ரயர் கட்டாயம். 2024 ஒக்ரோபர் முதல் இந்த மலைக்குறி உள்ளவற்றையே சட்டம் ஏற்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008இல் இதனைக் கட்டாயமாக்கியது. இப்போது அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டம் செல்லும். ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோவில் அத்தகைய கட்டாயம் இல்லை. குளிர்கால ரயர் பூட்டியவர்க்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்ற விதி மட்டும் 2016 முதல் உள்ளது. சட்டம் விலகி நிற்கும் இடத்தில் முடிவு குடும்பத்தின் கையில் வந்து விழுகிறது.

எங்கள் குடும்பத்தில் அம்முடிவு எளிதாக வரவில்லை. மருமகனின் தடை அழகு. "மாமா, இந்தச் சில்லைக் கழட்டினால் காரின்ரை வடிவே போயிடும்" என்றான். தங்கையின் தடை வேறு. அவள் கொக்குவிலில் வளர்ந்த காலம், ஒரு ரயரை நூல் தெரியும்வரை ஓட்டி, பின் ஒட்டுப்போட்டு ஓட்டி, அதற்கும் பின் செருப்பாக வெட்டித் தைத்த காலம். 1990களில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களை ஓட்டிய மக்கள் நாம். அப்படி வளர்ந்தவள், "அண்ணை, நல்ல ரயர் நாலு கிடக்க ஏன் இன்னும் நாலு?" என்று கேட்டதில் வியப்பில்லை. ஒருவர்க்குப் பெருமிதம் தடை. மற்றவர்க்குச் சிக்கனம் தடை. இரண்டும் கெட்ட குணங்கள் அல்ல. ஆனால் தங்கை இரவு வேலைக்குச் செல்பவள். விடிய ஐந்து மணிக்கு அவளை அழைத்து வருபவன் மகன். அழைத்து வருவது இந்தக் காரில். ஒரு நாளில் வீதி மிகக் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் படிந்திருக்கும் நேரமும் அதுவே. ஆகவே அங்கே நிறுக்கப்பட்டது ரயரின் விலை அன்று.

இறுதியில் மூவரும் ஒரு காலை கராஜுக்குச் சென்றோம். அங்கே தலைமை வேலையாளாக இருந்தவர் வடமராட்சிப் பக்கத்தவர். அவர் நீண்ட வாதம் எதுவும் செய்யவில்லை. இரவெல்லாம் வெளியே நின்ற எங்கள் காரின் ரயரையும், வாசலில் அடுக்கியிருந்த புதிய குளிர்கால ரயர் ஒன்றையும் காட்டி, "தம்பி, ரெண்டையும் நகத்தாலை அமத்திப் பாரும்" என்றார். அவன் அமத்தினான். தாயும் கையுறையைக் கழற்றி அமத்தினாள். ஒன்றில் நகம் பதிந்தது. மற்றதில் நகம் வழுக்கியது. "இது பனங்கொட்டை மாதிரியெல்லே கிடக்கு!" என்றாள் தங்கை. வாங்குவதா இல்லையா என்ற கேள்வி அந்த இடத்தில் முடிந்தது.

எஞ்சியது, எந்தச் சில்லில் மாட்டுவது என்ற கேள்வி. மருமகன் தன் 20 அங்குலச் சில்லிலேயே குளிர்கால ரயரை மாட்டலாம் என்றான். மாட்டலாம், அதற்கும் ரயர் உண்டு. ஆனால் தலைமை வேலையாள் அதற்கு மாறாக நான்கு காரணங்களைக் கூறினார். அந்த அளவில் ரயர் வகை குறைவு, விலை அதிகம். உறைந்தும் உருகியும் வீதி உடைவதால் பனிக்காலத்திற் குழிகள் மிகும், ரயரின் பக்கச் சுவர் குட்டையாயின் குழியின் அடியைத் தாங்குவது ரயர் அன்று, சில்லு, வார்ப்பு வெடிக்கும். பனியைக் கரைக்க வீதியில் கொட்டும் உப்பு, கீறல் விழுந்த மேற்பூச்சின் வழியே புகுந்து அலுமினியத்தை அரித்துக் கொப்பளிக்கச் செய்யும். ஆண்டுக்கு இருமுறை ஒரே சில்லிலிருந்து ரயரைக் கழற்றி மாட்டினால் ரயரின் கால்விளிம்பும் சில்லின் ஓரமும் பழுதுபடும். ஆகவே, விலை குறைந்த, அலங்காரமற்ற, சிறிய சில்லுகள் நான்கை வாங்கிக் குளிர்கால ரயரை அவற்றிலேயே நிலையாக மாட்டிவிட்டால், பின்பு ஒவ்வோர் ஆண்டும் சில்லோடு கழற்றிச் சில்லோடு பூட்டலாம் என்றார்.

சிறிது என்றால் எவ்வளவு சிறிது? இங்கேதான் கணக்கு வேண்டும். ரயரோடு சேர்ந்த மொத்த விட்டம் மாறினால் வேகமானி பொய் சொல்லும். பழைய ரயரில் 245/35, 20 என்று இருந்தது. அகலம் 245 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 35 பங்கு, அதாவது 85.75, மேலும் கீழும் கூட்ட 171.5. 20 அங்குலம் 508 மில்லிமீற்றர். ஆக விட்டம் 679.5. புதிதாகத் தெரிந்தது 225/50, 18. பக்கச் சுவர் 112.5, இரண்டும் 225, 18 அங்குலம் 457.2, ஆக விட்டம் 682.2. வேறுபாடு மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு. சில்லு சிறுத்தது, றப்பர் உயர்ந்தது, வண்டியின் நிலை மாறவில்லை. அகலம் சற்றுக் குறைந்ததும் நன்றே. ஒடுங்கிய ரயர் இளகிய பனியின்மேல் மிதக்காமல் அதனை வெட்டிக்கொண்டு வீதியைத் தொடும். இதனினும் சிறிய 17 அங்குலச் சில்லு இன்னும் மலிவு. ஆனால் முன் பிறேக்கின் பெரிய கவ்வியில் அது முட்டும். ஆகையால் ஆசைப்பட்ட அளவுக்கும் குறைக்க முடியாது. நட்டுத் துளைகளின் எண்ணும் இடைவெளியும், நடுத்துளையின் விட்டமும், சில்லு உள்ளே தள்ளி நிற்கும் அளவும், ரயர் தாங்கும் பாரமும் பொருந்த வேண்டும். பெருந்தேர்க்கு அச்சாணி சிறிதென்று இகழலாகாது என்பதை வள்ளுவரிடம் படித்த நாம், இங்கே ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தல் தகும்.

மாட்டும் வேலையைக் கண்டபோது நம்மூர்க் கொல்லுலை நினைவுக்கு வந்தது. மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்பு வளையம் போடுவதைப் பழைய தலைமுறையினர் கண்டிருப்பர். மரச்சில்லின் சுற்றளவிலும் சற்றே சிறிதாக வளையத்தை அடித்து, நெருப்பிற் பழுக்கக் காய்ச்சி விரியச் செய்து, சில்லின்மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவர். குளிர்ந்த இரும்பு சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் குடத்தையும் ஒன்றாக இறுக்கும். அங்கே குளிரே கொல்லனின் கையாள். ரொறன்ரோவில் குளிர் எதிராளி. அங்கே இறுகுவது நன்மை. இங்கே இறுகாதிருப்பதே நன்மை.

இந்த வேலையில் தீயில்லை. சில்லைச் சுழல்மேசையில் கிடத்தி, ரயரின் கால்விளிம்பில் சவர்க்காரக் குழம்பு பூசி, பிளாஸ்ரிக் உறையிட்ட இயந்திரக் கையால் உள்ளே செலுத்துகிறார்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி முன்னோக்கி நிற்க வேண்டும். காற்று ஏற ஏற, கால்விளிம்பு சில்லின் ஓரத்தில் போய் இருக்கும்போது துவக்கு வெடிபோல் இரண்டு ஒலி. பின்பு சமநிலை பார்த்து, சில்லின் உட்புறத்தில் சிறு நிறைகளை ஒட்டுகிறார்கள். நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பனரால் முறுக்குகிறார்கள். நூறு கிலோமீற்றர் அளவில் ஓடியபின் மீண்டும் வந்து இறுக்கம் பார்க்கச் சொன்னார்கள். நான்கு சில்லும் மாற்றப்பட்டன. பணத்தை மிச்சம் பிடிக்க இரண்டை மட்டும் மாற்றுவது, ஒன்றும் மாற்றாததைப்போலவே ஆபத்தானது. பற்றுள்ள பக்கம் நிற்க, பற்றில்லாத பக்கம் சுழன்று வரும்.

காற்றழுத்தமும் குளிரோடு இறங்கும். 20 பாகை வெப்பத்தில் 35 இறாத்தல் அழுத்தம் காட்டும் ரயர், அதே காற்றோடு சுழியத்திற்குக் கீழே 10 பாகைக்குப் போனால் ஏறத்தாழ 30 இறாத்தலே காட்டும். இதனை வாயு விதியால் நம் மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். ஒழுக்கு இல்லாமலே காற்றுக் குறையும் இந்த மாயத்தை அறியாதவர் ரயரைப் பழிப்பர்.

தங்கையின் சிக்கனத்துக்கும் இங்கே மறுமொழி உண்டு. கழற்றிய நான்கும் எறியப்படவில்லை. எந்தச் சில்லு எந்த மூலையிலிருந்தது என்று குறித்து, உப்பும் ஊத்தையும் போகக் கழுவி, வெயில்படாத நிலவறையில் அடுக்கினோம். ஆண்டில் பாதி ஒன்று ஓட, பாதி மற்றது ஓய்கிறது. ஆதலின் இரண்டும் நெடுநாள் வாழும். எட்டு ரயருக்குப் பணம் கொடுத்தது உண்மை. எட்டு ரயரின் ஆயுளும் கிடைப்பதும் உண்மை. மருமகனின் அழகும் அழியவில்லை. சித்திரை பிறந்தபின் மீண்டும் ஏறுவதற்காகக் காத்திருக்கிறது.

குளிர்கால ரயர் ஒரு கவசம் என்று நம்பி வேகத்தைக் கூட்டுவாரும் உளர். அது அறியாமை. எந்த ரயரும் பனிக்கட்டியைத் தார்வீதி ஆக்காது. ஒவ்வொரு சில்லும் வீதியைத் தொடுவது ஓர் உள்ளங்கை அளவான இடத்திலேதான். எஞ்சினின் வலிமை, பிறேக்கின் பருமை, கலப்புலோகத்தின் பளபளப்பு ஆகிய அனைத்தும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே நிலத்தைச் சேர வேண்டும். அந்த உள்ளங்கை இளகியிருந்தால் பற்றும், விறைத்திருந்தால் வழுக்கும். வெப்பநாட்டில் பிறந்த நமக்கு உறுதி என்றால் கடினம் என்று எண்ணும் பழக்கம் உண்டு. குளிர்நாட்டு வீதி வேறொன்றைக் கற்பிக்கிறது: அங்கே இளக்கமே உறுதி.

வேற்றுநாட்டில் வாழும் பிள்ளைகளோடு பேசும்போது நம் தாய்மார் முதலிற் கேட்பது, சாப்பிட்டாயா என்பது. அடுத்தது, குளிருக்கு உடுத்தாயா என்பது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முன் மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வது நல்லது: சில்லு மாற்றினாயா?